பொனட்டைத் திற, தம்பி!

உன் காரின் பொனட்டை நீ கடைசியாக எப்போது திறந்தாய்? சேர்விஸ் நிலையத்தில் யாரோ திறந்ததைக் கேட்கவில்லை. உன் கையால் திறந்ததைக் கேட்கிறேன்.

வெள்ளவத்தையில் எந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்துக்கும் போய்ப் பார். எஞ்சின் கொள்ளளவை வைத்து வரி போடும் நாட்டில், ஆயிரம் சிசிக்குள் அடங்க வேண்டுமென்றே வாங்கிய சின்ன டர்போ கார்கள் நிற்கும்: ஒரு லீற்றர் ஹொண்டா சிவிக், ஒரு லீற்றர் அவுடி, டொயோட்டா ரைஸ். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு வாசல் மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். கையிலிருப்பதைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழியில்லாத அந்த ஐந்து வருடத்திலும், உள்ளே என்ன இருக்கிறதென்று எட்டிப் பார்க்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்! ‘அது பாஸ் பார்க்கிற வேலை’ என்று ஒரு சாட்டு. படித்த பிள்ளையின் கையில் கிறீஸ் படக்கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம். ஐந்தொகையைச் சதம் பிசகாமல் சமப்படுத்துகிற மூளைக்கு, ஒரு ரப்பர் குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று கண்டுபிடிக்க முடியாதா? முடியும். தொடப் பயம், அவ்வளவுதான்.

அந்தப் பயம் நம் பரம்பரைச் சொத்து இல்லை. 1990இல் பொருளாதாரத் தடை வந்து வடக்கில் பெற்றோல் கண்ணில் படாமல் போனபோது யாழ்ப்பாணம் என்ன, காரை விற்றுவிட்டுக் குந்தியிருந்ததா? ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது, பற்றாது. ஆகவே கார்பரேற்றருக்குச் சில சொட்டுப் பெற்றோலைக் காட்டி உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். எஞ்சின் எதைக் கேட்கிறது, ஏன் கேட்கிறது என்று விளங்கிக்கொண்ட கைகள் அவை. அந்த ஊர்க்காரரின் பேரப்பிள்ளை நீ, உள்ளங்கையில் அடங்குகிற ஓர் அலுமினியக் கேனைப் பூட்டத் தயங்குகிறாய்!

ஓயில் கேட்ச் கேனைத்தான் சொல்கிறேன். பெற்றோல் எரியும்போது எழுகிற அழுத்தத்தில் கொஞ்சம் வாயு பிஸ்டன் றிங்குகளைத் தாண்டிக் கீழே நழுவும். புத்தம்புது எஞ்சினிலும் நழுவும். டர்போவில் அழுத்தம் கூட, நழுவுவதும் கூட. அதை வெளியேற்றாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி ஓயில் சீல்களைப் பிதுக்கிவிடும். ஒரு காலத்தில் அதைக் குழாய் வைத்து வீதிக்கே விட்டார்கள். கலிபோர்னியாவின் புகைமூட்டம் தாங்காமல் 1960களின் தொடக்கத்தில் பிசிவி வால்வு பரவியது: அந்த வாயுவை எஞ்சினே திரும்ப உறிஞ்சி எரிக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் வாயுவோடு ஓயில் ஆவியும் போகிறது. டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் உட்சுவரில் படலமாகப் படிகிறது. எரியறைக்குள் போய்ப் பெற்றோலின் ஒக்டேன் வலுவைக் குறைக்கிறது. 95 கேட்கும் எஞ்சினுக்கு 92 அடிப்பவர்களுக்கு இது இரட்டை அடி. பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சினில் இன்னொரு தலையிடி. இன்டேக் வால்வின் முதுகைக் கழுவப் பெற்றோல் அந்தப் பக்கமே வராது. படிந்த ஓயில் வெந்து வெந்து, தோசைக்கல்லின் விளிம்பில் ஏறும் கரிபோல் இறுகிவிடும்.

கேன் அந்த ஆவியை வழியிலே மறித்து, குளிரவைத்து, துளியாக்கி அடியில் சேர்க்கிறது. பந்தயக்காரருக்கு இது பழைய கதை. எஞ்சினின் மூச்சுக்குழாய் வெளியே திறந்திருந்தால் 2,000 சிசி வரை 2 லீற்றர், அதற்கு மேல் 3 லீற்றர் தாங்கி வேண்டும் என்பது உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏயின் விதி. பந்தயப் பாதையில் ஓயில் சிந்தினால் பின்னால் வருகிறவன் சறுக்குவான்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போ. நீட்டியதை வாங்கிக்கொண்டு வராதே; மூடியைக் கழற்று. உள்ளே தடுப்புத் தகடோ உலோக வலையோ இல்லையா? திருப்பிக் கொடு. ஒரு வாயால் புகுந்த ஆவி மறு வாயால் அப்படியே போகிற கேனுக்குக் காசு கொடுப்பது வீண். சிங்களம் கொஞ்சம் திக்கினாலும் பரவாயில்லை. ஹோஸின் உள்விட்டத்தை மில்லிமீற்றரில் கேட்கிறவனைக் கடைக்காரர் ஏமாற்ற யோசிப்பார். ஓயில் தாங்கும் ஹோஸ் கேள். தண்ணீர்க் குழாயைப் பூட்டினால் ஓயிலில் ஊறி மெத்தென்றாகி, உறிஞ்சலில் சப்பிப்போகும். மெரைன் டிரைவ் பக்கம் நிறுத்துகிற வண்டியா? கடல் உப்பு கிளிப்பைத் தின்றுவிடும், துருப்பிடிக்காத எஃகு கிளிப்பாகப் பார்.

எஞ்சின் ஆறட்டும். பழைய ஹோஸைக் கழற்றுமுன் படம் எடு, எந்த நுனி எங்கே என்று ஒட்டுநாடாவில் எழுது. டர்போ எஞ்சினில் இந்த ஆவிக்குப் பொதுவாக இரண்டு வழி. கால் மெதுவாக இருக்கும்போது பிசிவி வால்வு வழியாக இன்டேக் மனிஃபோல்டுக்குப் போகும். டர்போ ஊதத் தொடங்கியதும் அந்த வால்வு மூடிக்கொள்ள, டர்போவுக்கு முன்னாலுள்ள காற்றுக்குழாய்க்குப் போகும். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குக் காலி வீதியில் ஊர்ந்து வருகிறவனுக்கு முதல் வழியில்தான் வேலை அதிகம். வால்வை இருந்த இடத்திலேயே விட்டு, அதற்கும் மனிஃபோல்டுக்கும் நடுவே கேனைப் பூட்டு. இரண்டு வழியையும் ஒரே கேனில் கண்ணை மூடிக்கொண்டு இணைக்காதே; டர்போவின் அழுத்தம் எஞ்சினின் வயிற்றுக்குள் இறங்கும். எக்ஸோஸ்ட் சூட்டுக்குப் பக்கத்தில் வைக்காதே. ஹோஸ் மடியாமல், எஞ்சின் அசைவுக்கு இடம் விட்டு வளை. பிறகு ஸ்டார்ட் செய்து காது கொடு. ‘உஸ்’ என்று சத்தமோ, எஞ்சின் தடுமாற்றமோ இருந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது. கிளிப்பை இறுக்கு, மறுபடி கேள். கேனின் வாயை வெளியே திறந்துவிடும் குறுக்குவழியை யாராவது சொன்னால் காதில் போடாதே. அது நாற்றம், நச்சு, எமிஷன் டெஸ்டிலும் வம்பு.

பூட்டிவிட்டு மறக்கிறவனுக்கு 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயரின் கதையைச் சொல்ல வேண்டும். உலகின் முதல் டர்போ கார்களில் அதுவும் ஒன்று. எஞ்சின் தட்டாமலிருக்க, தண்ணீரும் மெத்தனோலும் கலந்த ‘டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்’ என்ற திரவத்தை உரிமையாளர் அவ்வப்போது ஊற்ற வேண்டும். பலர் ஊற்றவேயில்லை. கடைசியில் எத்தனையோ கார்களில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்பரேற்றரைப் பூட்டினார்கள். அத்தனை பெரிய நிறுவனத்தின் பொறியியலை ஒரு போத்தலை நிரப்பாத சோம்பல் தோற்கடித்தது! உன் கேனை நிரப்பத் தேவையில்லை, காலி செய்தால் போதும். கொழும்பின் ஈரக்காற்றுக்கும் குறுந்தூர ஓட்டத்துக்கும் உள்ளே தேநீர் நிறத்தில் பால்போன்ற கலவை சேரும். மிரளாதே, தண்ணீரும் ஓயிலும் கலந்தது அது. போத்தலில் ஊற்றிச் சேர்விஸ் நிலையத்தில் கொடு. வெள்ளவத்தைக் கால்வாய்க்கு ஏற்கெனவே போதுமான துன்பம் உண்டு.

எல்லாருக்கும் கேன் தேவையா? இல்லை. ரைஸின் டர்போ எஞ்சினில் பெற்றோல் வால்வுக்கு முன்னாலேயே பீய்ச்சப்படுகிறது, வால்வு ஓரளவு கழுவப்படும். இன்டர்கூலர் குழாயைக் கழற்றி வெள்ளைத் துணியால் துடைத்துப் பார். மெல்லிய படலம் என்றால் விட்டுவிடலாம். குட்டையாகத் தேங்கியிருந்தால் யோசி. கழற்றிப் பார்த்து ‘வேண்டாம்’ என்று சொல்கிறவனைக் கண்டால் எனக்கு மரியாதை. ஊரார் பூட்டியதால் பூட்டுகிறவனும், ஊரார் சிரிப்பார்கள் என்று விடுகிறவனும் எனக்கு ஒன்றுதான்.

தங்கச்சி, ‘தம்பி’ என்று கூப்பிட்டேன் என்பதற்காக நீ பக்கத்தைப் புரட்டாதே. ஸ்பானருக்கு ஆண் பெண் தெரியாது. உயர்தரம் சரிவரவில்லை என்று கொட்டாஞ்சேனையில் வீட்டோடு முடங்கியிருக்கும் பிள்ளையே, மொறட்டுவையில் ஜெர்மன் டெக் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வாகனத் தொழிலுக்கு என்விகியூ சான்றிதழ் இருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்பு!

கேன் பூட்டியவர்களுக்குக் கடைசியாக ஒன்று: அது சீக்கிரம் சீக்கிரமாக நிரம்பினால் மட்டும் கவனம். றிங்குகள் தேய்ந்திருக்கலாம், டர்போவின் சீல் போயிருக்கலாம். எந்தக் கேனும் அதைக் குணமாக்காது. நல்ல பாஸிடம் கொண்டுபோய்க் கொம்பிரஷன் டெஸ்ட் கேள், பக்கத்திலேயே நில். இந்த ஒரு லீற்றர் எஞ்சின்களின் மூன்று சிலிண்டருக்கும் மூன்று இலக்கம் வரும். ‘எல்லாம் ஓகே’ என்ற வாய்ப்பேச்சோடு திரும்பாதே. மூன்றையும் உன் கையெழுத்தில் குறித்துக்கொள், ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்திருந்தால் ஏன் என்று அங்கேயே கேள்.