முயலின் காலடி

கொல்லாமையைப் பற்றிப் பேசும்போது நம் எண்ணம் பெரும்பாலும் உயிரைப் போக்குதலின் மேலேயே நிற்கின்றது. உயிரைப் போக்காமலே அதனை நாள்தோறும் வருத்தும் வழிகளும் உண்டு. அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள் கட்டி அடைத்தலை ஒன்றாக நம் ஆசிரியர்கள் எண்ணியது இதுபற்றியே.

நம் இல்லங்கள் சிலவற்றில் பிள்ளைகளின் விருப்பத்திற்காக முயல் வளர்க்கின்றனர். அன்பினால் அடைத்தாலும் அடைப்பு அடைப்பே. ஆதலின் அக்கூண்டின் தளம் எத்தகையது என்னும் வினா அற வினாவாகவும் ஆகின்றது.

கம்பிவலைத் தளத்தை நாடுவோர் கூறும் காரணம் பொய்யன்று. புழுக்கையும் சிறுநீரும் கீழே விழுந்துவிடும். குடலைத் தாக்கும் காக்சிடியா நோய் எச்சத்தின் வழியே பரவுவதாகலின், எச்சம் விலகினால் நோயும் குறையும். ஈர வைக்கோல் கிடக்கும் பலகைத் தளமும் காலைக் கெடுப்பதே. ஆனால் நாய், பூனைகளுக்கு உள்ளதுபோல் மெத்தென்ற உள்ளங்கால் முயலுக்கு இல்லை. அடர்ந்த மயிரே அதற்குக் காப்பு. அமர்ந்திருக்கும்போது பாரம் பின்னங்கால்களின் அடியில் ஊன்றும். மெல்லிய கம்பியின்மேல் நெடுநாள் இருந்தால் மயிர் தேய்ந்து, தோல் சிவந்து, புண்ணாகும். பருத்த இனங்களும், குறுமயிருடைய ரெக்ஸ் இனமும் இதற்கு எளிதில் இலக்காகும். முயலோ தன் வலியை எளிதில் வெளிக்காட்டுவதில்லை.

கம்பித்தளமே அமைப்போர் 14 கேஜ் கம்பியைத் தேர்தல் நன்று. எண் கூடினால் கம்பி மெலியும். 16 கேஜ் கம்பி காலை மிகுதியும் உறுத்தும். துளை அரை அங்குலத்துக்கு ஓர் அங்குலமாக இருக்கட்டும். அரை அங்குல இடைவெளிக் கம்பிகள் மேற்புறம் அமையட்டும். வலை தொய்யாதிருத்தல் வேண்டும். கூண்டின் ஒரு பகுதியில் பலகையிட்டு, கால் ஆறுதற்கு இடம் தருதல் வேண்டும். குட்டிகளுக்கு மூடிய தளமுள்ள பெட்டி தேவை. அறுந்த கம்பி, துரு, கூர்முனை ஆகியவற்றை அடிக்கடி தேடிப் பார்த்து நீக்குக. சிறுநீர் உறைந்து படியும் வெண்பொருக்கை வினிகர் கரைக்கும். பின் நீரால் கழுவி உலர்த்துக. நகம் நீண்டால் பாரம் குதிகாலுக்குச் சாயுமாதலால் அதனை அளவாக வெட்டுக. எல்லாவற்றினும் மேலாக, முயலைத் தூக்கி அதன் உள்ளங்காலைப் பாருங்கள்.

இவ்வளவும் எதற்கு என்று சிலர் வினவலாம். காட்டிலுள்ள முயல் கால் நோகும் இடத்தை விட்டு விலகிச் செல்லும். கூண்டு முயலுக்கு அவ்வுரிமை இல்லை. அதனை எடுத்துக்கொண்டவர் நாம். ஆகவே அது மிதிக்கும் ஒவ்வோர் அங்குலமும் நம் ஒழுக்கத்தின் கணக்கில் சேரும். உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்துப் பிரமாதத்தை, அஃதாவது சோர்வை, அதன் காரணமாக வைத்தார். கம்பி தானே பாவமும் அன்று. பலகை தானே புண்ணியமும் அன்று. பலகையைத் தினமும் துடைக்கச் சோம்பி, நம் வேலை குறையும் என்பதற்காகவே முயலைக் கம்பியில் நிறுத்துவோமாயின், அச்சோர்வே குற்றம்.

சுவேதாம்பர ஆகமமாகிய ஞாதாதர்மகதையில், காட்டுத்தீக்குத் தப்பி வந்த முயலொன்று தான் தூக்கிய காலின்கீழ் ஒதுங்கியது கண்ட யானை, இரண்டரை நாள் அக்காலை ஊன்றாது நின்றது. அந்த யானையே பின்னர் மேககுமாரனாகப் பிறந்தது. ஒரு சிற்றுயிர் நிற்கும் இடத்திற்காக அது பட்ட துன்பம் பெரிது. நம்மிடம் வேண்டப்படுவதோ நாளொன்றுக்குச் சில நிமிடங்களே.

அந்நேரமும் தர இயலாதார் முயலை வாங்காதிருத்தலே விரதத்திற்கு உகந்தது. முன்பே வளர்ப்போர் இதனைப் படித்துவிட்டு முயலைக் காட்டில் விட்டுவிடுதல் கருணையாகாது. கூண்டிலேயே வளர்ந்த உயிர் அங்குப் பிழைத்தல் அரிது. அதனைக் கடைசி நாள்வரை கால் நோகாமல் காத்தலே அவர்தம் கடன்.