நெஞ்சில் நிற்கும் திருமேனி

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஸந்நிதியில் திரை விலகுகிறது. தீபத்தின் ஒளியில் எம்பெருமானை ஸேவிக்கிறோம். தீர்த்தமும் சடாரியும் பெற்றுப் பத்தடி நடந்தபின் கண்ணை மூடினால் அத்திருமேனி தெரிகிறதா? அன்று சாற்றியிருந்த மாலை என்ன நிறம்? நம்மில் பலரால் விடை சொல்ல இயலாது. கண் ஸந்நிதியில் இருந்தது. நெஞ்சு வேறெங்கோ இருந்தது.

எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் முதல் ஸூத்ரத்தின் வ்யாக்யானத்தில் த்யானத்தை எண்ணெய் ஒழுக்குப்போல் இடையறாத நினைவு என்று நிர்வஹித்தருளினார். அந்நினைவு பாவனையின் மிகுதியால் முதிர்ந்து, நேரே காண்பதற்கு ஒத்த வடிவைப் பெறும் என்றும் ஸாதித்தருளினார். இதனைப் பெரியோர் ‘தர்சன ஸமாநாகாரம்’ என்பர். ப்ரபந்நர்களான நமக்கு உபாயம் எம்பெருமானே. ஆகையால் இந்நினைவு நமக்கு உபாயமன்று, இனிய அநுபவமாகும்.

நினைவு காட்சியை ஒக்குமோ என்று ஐயுறுவார்க்கு இக்காலத்து ஆராய்ச்சி ஒன்று சிறிது துணை நிற்கிறது. அமெரிக்காவில் ஹாரிஸன், டாங் என்னும் இருவர் 2009-இல் வெளியிட்டது அது. எம்.ஆர்.ஐ. கருவியினுள் படுத்திருப்பவர்க்குச் சாய்ந்த கோடுகள் கொண்ட இரண்டு படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார்கள். பிறகு, ‘முதலாவதை நினைவில் வை’ என்றோ ‘இரண்டாவதை நினைவில் வை’ என்றோ குறிப்புக் கொடுத்தார்கள். அதன்பின் சில விநாடிகள் திரையில் படம் ஏதுமில்லை. ஆயினும் பின்மூளையில், கண்ணிலிருந்து செய்தி வந்து சேரும் பார்வைப் பகுதியின் இயக்கத்தைக் கொண்டே, அவர் எந்தப் படத்தை நினைத்திருக்கிறார் என்பதைப் பெரும்பாலும் சரியாகச் சொல்ல முடிந்தது.

இதில் நாம் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. இரண்டு படங்களையும் கண் கண்டது. கவனம் பற்றிக்கொண்டதே உள்ளே நின்றது. இது எம்பெருமானை நிரூபிக்கும் ப்ரமாணமன்று. அவனை அறிய சாஸ்த்ரமே ப்ரமாணம். வெறும் கோட்டை நினைத்தாலும் மூளை இவ்வாறே இயங்கும். நம்மை வைதவர் முகத்தை நினைத்தாலும் இயங்கும். அதற்கு எதைக் கொடுப்பது என்பதே நம் பொறுப்பு.

நாம் வாழும் திருப்பூர் ராயபுரத்தைச் சுற்றிலும் பனியன் கம்பெனிகள். செக்கிங் மேஜையில் நிற்கும் பெண்மணி, குவியலிலிருந்து ஓர் உருப்படியை எடுத்து விரித்தவுடன் சிறு ஓட்டையையும் எண்ணெய்க் கறையையும் கண்டுவிடுகிறார். குறையற்ற உருப்படி அவர் நெஞ்சில் பதிந்திருப்பதால் அன்றோ குறை உடனே தெரிகிறது! கூலிக்குச் செய்யும் வேலையில் உள்ள அக்கவனத்தில் ஒரு பங்கையேனும் வீரராகவப் பெருமாள் ஸந்நிதியில் நாம் வைக்கிறோமா?

கூரத்தாழ்வான் தரிசனத்திற்காகத் தம் கண்களை இழந்தவர். பின்னர் உடையவர் நியமனத்தால் காஞ்சித் தேவப்பெருமாள் விஷயமாக ஸ்ரீவரதராஜஸ்தவம் அருளிச்செய்தார் என்பது குருபரம்பரை வரலாறு. அதில் திருமேனி அழகை அங்கம் அங்கமாக வர்ணித்தருளுகிறார். புறக்கண் இல்லாதவர்க்கு அவ்வடிவு எங்கிருந்து வந்தது? கண் இருந்த காலத்தில் நெஞ்சார ஸேவித்து வைத்த செல்வம் அது. அதனை விளங்கச்செய்தது தேவப்பெருமாள் க்ருபை.

ஆகவே ஸந்நிதியில் கைபேசியைத் தேடாமல், திருவடியிலிருந்து தொடங்கி மெல்ல ஸேவிப்போம். திருப்பாணாழ்வார் அமலனாதிபிரானில் பத்துப் பாசுரங்களால் திருவடி தொடங்கித் திருக்கண் வரை காட்டிய வழி அது. கோயில் அருகில்லாத தேசங்களில் வாழ்பவர்களும், முதுமையால் பார்வை மங்கியவர்களும் அப்பாசுரங்களை அநுஸந்தித்து, ஒவ்வொன்றிலும் சற்றே நின்று, முன்பு ஸேவித்த திருமேனியை நினைக்கலாம்.

சிலர்க்கு இயல்பாகவே மனத்தில் உருவம் எழுவதில்லை. வேறு சிலர்க்கு வயதால் நினைவே தளர்கிறது. அவர்கள் கலங்கவேண்டா. உடலும் மனமும் நன்றாயிருக்கையில் தன்னை நினைத்தவன், முடிவில் கட்டைபோலவும் கல்போலவும் கிடக்கும்போது, அவனைத் தான் நினைத்துப் பரமகதியில் சேர்ப்பதாக ஸ்ரீவராஹநாயனார் பூமிப்பிராட்டிக்கு அருளியது உண்டன்றோ! நம் நினைவு தவறினாலும் அவன் நினைவு தவறாது. நினைக்க முடிகிற இன்று நினைப்போம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.