இருபது வருஷம் யார் கணக்கில்?

குள்ளம். குண்டு. ரொம்பக் கருப்பு. வயசும் கூடிப்போச்சு. இசைத்தட்டு நிறுவனத்துக்காரர் ஒருவர் தன்னை இப்படித்தான் எடை போட்டார் என்று அமெரிக்கக் கருப்பினப் பாடகி ஷரோன் ஜோன்ஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நாலு குறையில் ஒன்றுகூட குரலைப் பற்றியது இல்லை.

1956இல் பிறந்தவர். புரூக்ளினில் வளர்ந்து தேவாலயத்தில் பாடினார், கல்யாணங்களில் பாடினார். வயித்துப்பாட்டுக்கு ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலர் வேலை, அப்புறம் பணம் ஏற்றிப்போகும் கவச வண்டிக்குக் காவல். 1996இல் லீ ஃபீல்ட்ஸ் என்பவரின் ஒலிப்பதிவுக்குப் பின்பாட்டுப் பாட மூன்று பெண்களைக் கூப்பிட்டிருந்தார்கள். வந்தது இவர் ஒருத்திதான். மூன்று பேர் பாட்டையும் தானே பாடிக் கொடுத்தார். டாப்-கிங்ஸ் குழுவோடு முதல் ஆல்பம் வந்தது 2002இல். வயசு 45ஐத் தாண்டியிருந்தது.

இந்தக் கதையை ஒரு கூட்டத்தில் சொன்னேன். ஒரு பெரியவர் எழுந்து, "அந்தாளு அப்படிச் சொல்லலைன்னா இந்தம்மாவுக்கு வைராக்கியம் வந்திருக்குமா? உங்களையும் அவமானம்தானே தோழர் எழுத வச்சது?" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. பாட்டுப் போட்டியில் என் பேரை மட்டும் சேர்க்காமல் விட்ட வாத்தியாருக்கு நான் கடன்பட்டவனா?

அவமதித்தவனுக்கே குரு தட்சணை கேட்கிற நியாயம் இது. அந்த ஆள் வாய் திறப்பதற்கு முன்பே ஷரோன் பாடிக்கொண்டுதான் இருந்தார். அவன் எதையும் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டான். 25 வயசில், 30 வயசில் அவர் பாடியிருக்க வேண்டிய ஆல்பங்கள் எங்கே? பட்ட பாடெல்லாம் குரலில் இறங்கியது என்பார்கள். இருக்கலாம். அவ்வளவு நல்லது என்றால் எல்லாப் பாடகரையும் இருபது வருஷம் சிறைக்காவலுக்கு அனுப்புங்களேன். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு யாரும் இந்த மருந்தை எழுதித் தருவதில்லை.

2006இல் வந்த ஏமி வைன்ஹவுஸின் 'பேக் டு பிளாக்' உலகமெங்கும் விற்றது. அதில் பல பாட்டுக்கு வாசித்தவர்கள் இதே டாப்-கிங்ஸ்காரர்கள். ஏமி பெரிய பாடகி, அவர்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் இந்த வாசிப்புக்குச் சந்தை இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

2013இல் ஷரோனுக்குப் புற்றுநோய். சிகிச்சையில் முடி கொட்டிய தலையோடு, டோப்பா வைக்காமல், மறு வருஷமே மேடையேறி ஆடினார். 2016 நவம்பரில் இறந்தார், 60 வயசு. முதல் ஆல்பத்திலிருந்து எண்ணினால் அவருக்குக் கிடைத்தது 14 வருஷம்.