என் பங்கு

காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறுவோர் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். இளங்குருவாக இருந்த நாட்களில் அவற்றை எண்ணிக்கொண்டே ஏறியதுண்டு. இப்போது என் இடுப்புதான் எண்ணுகிறது. சென்ற மாசி அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில் இந்த இடுப்போடு நான் மலையேறியதற்குக் காரணம் எங்கள் பங்கு இளைஞர் ஒருவர். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறார். ஓய்வு நாட்களில், நம் பால்வெளிக்கு அப்பால் உள்ள விண்மீன் திரள்களைப் படம் பிடிக்கிறார். “ஒரு ராத்திரி வந்து பாருங்க, சாமி” என்று ஈராண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தார். தவக்காலம் தொடங்கச் சில நாட்களே இருந்தன. பிறகு நேரம் கிடைக்காது என்று புறப்பட்டுவிட்டேன்.

செம்மேட்டைக் கடந்து, மிளகுத் தோட்டம் ஒன்றை ஒட்டிய களத்தில் கருவியை நிறுத்தினார். ஆறு அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கி. அதைத் தாங்க, பட்டறையில் மிஞ்சிய இரும்பில் அவரே வெல்டிங் செய்த தூண். புவியின் சுழற்சியை ஈடுசெய்து வானத்தோடு சேர்ந்து நகர ஒரு மோட்டார். கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் கேமரா. துருவ விண்மீனை நோக்கி அதன் அச்சை நேர் செய்ய வேண்டுமாம். ஐரோப்பியருக்கு அந்த விண்மீன் வானில் உயரே நிற்கிறது. நமக்கோ தொடுவானிலிருந்து பதினோரு பாகை உயரத்தில்தான். அன்று அது ஒரு சில்வர் ஓக் மரத்தின் பின்னால் மறைந்துகொண்டது. தூணைப் பெயர்த்து வேறிடத்தில் நிறுத்துவதற்குள் ஒரு மணி நேரம் கழிந்தது.

அவர் குறி வைத்தது சிம்ம ராசியில் அருகருகே தோன்றும் மூன்று விண்மீன் திரள்களை. அவற்றின் தொலைவு ஏறத்தாழ மூன்றரைக் கோடி ஒளியாண்டுகள். அன்று கேமராவுக்குள் விழுந்த ஒளி, மனித இனம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே புறப்பட்ட ஒளி. அவற்றுள் இரண்டை பிரெஞ்சு வானியலர் மெஸ்ஸியே 1780-இல் கண்டு, தம் பட்டியலில் 65, 66 என எண்ணிட்டார். பக்கத்திலேயே இருந்த மூன்றாவது அவர் கண்ணில் படவில்லை. அத்தனை மங்கல். இசைக் கலைஞராக இருந்து வானியலுக்கு வந்த வில்லியம் ஹெர்ஷல் 1784-இல் அதைக் கண்டார். என்ஜிசி 3628 என்பது அதன் இன்றைய பெயர். அண்டைத் திரளின் ஈர்ப்பால் இழுபட்ட விண்மீன்கள் அதிலிருந்து வால்போல் நீண்டு கிடக்கின்றன; அவ்வாலின் நீளம் ஏறத்தாழ மூன்று இலட்சம் ஒளியாண்டுகள். அந்த வாலைப் படத்தில் கொண்டுவர வேண்டும் என்பதே இளைஞரின் ஆசை.

ஒருமுறை கேமராவைச் சொடுக்கினால் படம் வந்துவிடும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். மூன்று நிமிடத்திற்கு ஒரு படமாக விடியும்வரை எடுத்துக்கொண்டே இருந்தார். தனிப்படம் ஒன்றைத் திரையில் காட்டினார். கரிய பரப்பில் பொரிப்பொரியாக இரைச்சல். நடுவே மூன்று மங்கிய கறைகள். வாலின் அடையாளமே இல்லை. “வாலிலிருந்து ஒரு புள்ளிக்குச் சில நிமிடத்துக்கு ஓர் ஒளித்துகள் வந்தாலே பெரிசு, சாமி. ஒரு படத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. அறுபது, நூறு, இருநூறு என்று ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வரும்” என்றார். அதிலும் ஒரு கண்டிப்பான கணக்கு உண்டு: படத்தின் தெளிவு இருமடங்காக வேண்டுமானால் படங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காக வேண்டும். இறைவேண்டலில் பொறுமை பற்றிப் பலமுறை மறையுரை ஆற்றியவன் நான். அன்றிரவு அவருக்கு முன்னால் சற்று வெட்கமாகவே இருந்தது.

தோட்டக்கார அம்மையார் சுக்குக் காப்பி கொண்டுவந்தார். தமிழ்நாடு அரசு 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இம்மலையின் அரியூர் சோலைக் காப்புக்காட்டில் இருள்வானப் பூங்கா ஒன்றை அறிவித்தது. இரவில் உலவும் உயிரினங்களுக்கும், வானைப் பார்க்க வருவோருக்கும் இருளைக் காத்துக் கொடுப்பது நோக்கம். அது பற்றி இளைஞர் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருக்க, அம்மையார் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “சாமி, கீழே இருக்கிறவங்க வெளிச்சத்துல நடக்கிறீங்க. எங்களை இருட்டுலயே இருக்கச் சொல்லவா மேலே வந்தீங்க? போன மழையில இந்தத் தடத்துலதான் என் மருமகளைப் பாம்பு தீண்டுச்சு. மலையிறக்கி ஆஸ்பத்திரியில சேர்க்கறதுக்குள்ள அவ உயிர் போயிட்டு வந்துச்சு.”

எங்கள் இருவருக்கும் பேச்சு எழவில்லை. பொழுதுபோக்குக்காக இருளைத் தேடி வந்தவர்கள் நாங்கள். அவருக்கோ இருள் என்பது மருமகளின் கால். ஏழையின் இல்லாமையை மற்றொருவர் அழகு என்று கொண்டாடும்போது அதில் ஏதோ ஓர் அநீதி கலந்துவிடுகிறது. மலைக்கிராமத்தின் மண்சுவரை வியந்து படம் பிடித்துப் போகிறவர் அச்சுவருக்குள் ஒரு மழைக்காலம் வாழ்ந்ததில்லை அன்றோ?

நள்ளிரவு கடந்து ஒரு மணி நேரத்திற்கும் சற்றுப் பின்னர் சிம்மம் உச்சிக்கு வந்து, பின் மேற்கே சரியத் தொடங்கியது. விடியலில், தொலைநோக்கியின் வாயில் என் வெள்ளைத் துண்டைப் போர்த்தி மேலும் சில படங்கள் எடுத்தார். கருவியில் உள்ள தூசியும் ஆடியின் குறையும் அவற்றில் பதிந்துவிடும். பிறகு கணினியில் அவற்றைக் கழித்துவிடலாம். தன் கருவியின் குறையை வானத்தின்மேல் சுமத்தாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. ஆன்மச் சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான உவமையை நான் குருமடத்தில் கேட்டதில்லை.

நான்கு நாள் கழித்து, கழிக்க வேண்டியவற்றைக் கழித்துப் படத்தோடு பங்குமனைக்கு வந்தார். மூன்று திரள்களும் அழகாக எழுந்திருந்தன. மெஸ்ஸியே தவறவிட்ட மூன்றாவதின் குறுக்கே ஓடும் கரிய தூசிப் பட்டையும் தெளிவாக இருந்தது. வால் மட்டும் இல்லை. கடைசி இரண்டு மணி நேரப் படங்களில் ஒரு பக்கம் வெளிறிக் கிடந்தது. கருவியின் குறை என்றால் அது ஏற்கெனவே கழிந்திருக்கும். “இது என்ன, தம்பி?” என்று கேட்டேன். சற்றுத் தயங்கினார். “அது மேற்குப் பக்கம், சாமி. சமவெளி. நம்ம பக்கம்.”

மலையில் விளக்கு வேண்டும் என்று கேட்ட அம்மையாரின் ஊரிலிருந்து வந்த வெளிச்சம் அல்ல அது. நாமக்கல்லும் நெடுஞ்சாலையும் ஆலைகளும் மண்டபங்களும் மேல்நோக்கி வீணாக்கும் வெளிச்சம். அதில் எங்கள் ஆலயமும் சேர்த்தி. வெள்ளி விழாவின்போது கோபுரத்தின் அடியில் நான்கு ஃபோகஸ் லைட்டுகளை வானை நோக்கி நிறுத்தினோம். அவை விடியும்வரை எரியும். அன்று அவற்றை மந்திரித்தவன் நானே.

“ஒரு கோபுரத்தால் இவ்வளவும் வந்துவிடாது, சாமி. நம்ம பங்கு ரொம்பக் கொஞ்சம்” என்று இளைஞர் ஆறுதல் சொன்னார். பங்கு என்ற சொல்லை அவர் எந்தப் பொருளில் சொன்னாரோ தெரியாது. இரண்டும் எனக்குத் தைத்தன. அந்த ஆறுதல் உண்மையும்கூட. எங்கள் நான்கு விளக்குகளை அணைத்துவிட்டு அதே படத்தை மறுபடி எடுத்தால் எந்தக் கருவியும் வேறுபாட்டைக் காட்டாது. அப்படியானால் அதில் என் குற்றம் என்ன? அளக்க முடியாத தீங்குக்குப் பொறுப்பு உண்டா? ஒப்புரவு அருளடையாளத்தில் இத்தகைய ஒன்றை எவரும் இதுவரை என்னிடம் அறிக்கையிட்டதில்லை. நானும் அறிக்கையிட்டதில்லை.

சமூகப் பாவம் பற்றித் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், ஒப்புரவும் தவமும் குறித்த 1984-ஆம் ஆண்டு ஊக்கவுரையில் எழுதியிருப்பது நினைவுக்கு வந்தது. சமூகப் பாவம் என்பது ஆளில்லாமல் தானே விளைவதன்று, பல தனி மனிதப் பாவங்கள் சேர்ந்து திரள்வது என்பது அவர் கருத்து. அதை நான் குருமடத்தில் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆயினும் ‘சிறு பங்கு கணக்கில் வராது’ என்ற வாதத்திற்கு மறுப்பு எனக்கு அந்த ஏட்டில் கிடைக்கவில்லை. மேசைமேல் கிடந்த படத்தில் கிடைத்தது. அப்படம் முழுவதும் கணக்கில் வராதவற்றால் ஆனதன்றோ? எந்த ஒளித்துகளை நீக்கினாலும் படம் மாறாது. எல்லாவற்றையும் நீக்கினால் படமே இல்லை. சிறு பங்கு ஒன்றுமில்லை என்பது உண்மையாயின் அந்த மூன்று திரள்களும் படத்தில் எழுந்திருக்கக் கூடாது. அவை எழுந்திருந்தன. அவற்றை எழுப்பிய அதே கணக்குதான் வாலையும் மறைத்தது.

இது புதிய வழக்கன்று. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ புதுப்பித்து நிறுவிய வத்திக்கான் வானாய்வகம், உரோமை நகர விளக்குகளின் ஒளியால் பணியாற்ற இயலாமல் 1930-களில் காஸ்தல் கந்தோல்போவுக்கு இடம்பெயர்ந்தது. வெளிச்சம் அங்கும் தொடர்ந்தது. இன்று அதன் பெரிய தொலைநோக்கி அமெரிக்காவின் அரிசோனா மலை ஒன்றில் 1993 முதல் இயங்குகிறது. எளியவர் வாழும் இருட்டுக்கு நகரத்தார் இடம்பெயர்ந்து போவதே எங்கும் வழக்கம். போன இடத்தில் ‘நீங்கள் விளக்கேற்றாதீர்கள்’ என்று சொல்லும் உரிமையை யார் கொடுத்தது? லடாக்கின் ஹான்லேயில் 2022-இல் இருள்வானக் காப்பகம் அமைத்தபோது, வீடுகளுக்குத் தடித்த திரைகளும் விளக்குகளுக்கு மூடிகளும் கொடுத்ததோடு, உள்ளூராரையே வானம் காட்டும் வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தார்கள் என்பது ஓரளவு நியாயமாகப் படுகிறது.

அம்மையாருக்காகத் தெருவிளக்கு மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். விளக்கின் தலை தரையைப் பார்த்து, மூடியோடு இருக்க வேண்டும் என்ற ஒரு வரியை இளைஞர் சேர்க்கச் சொன்னார். பாம்பு தரையில்தான் ஊர்கிறது. வானத்தில் அதைத் தேட வேண்டியதில்லை. அம்மையார் மூடி பற்றியெல்லாம் கவலைப்படவில்லை. விளக்கு இன்னும் வரவில்லை.

எங்கள் கோபுரத்தின் காரியம் அதைவிடக் கடினமாயிற்று. பங்குப் பேரவையில் இரண்டு கூட்டங்கள் நடந்தன. ஆலயத்தை இருட்டில் தள்ளுவதா என்று ஒருவர் கொதித்தார். எதிர்த்தெருவில் மண்டபக்காரர் அணைக்கட்டும், பிறகு நாம் அணைக்கலாம் என்றார் மற்றொருவர். மண்டபக்காரரும் எங்களைக் காட்டி இதையே சொல்லக்கூடும். கடைசியில் நவநாட்களும் பெருவிழாவும் தவிர மற்ற நாட்களில் இரவு பத்து மணிக்கு அணைப்பது என்று முடிவாயிற்று. முழு மனதோடு கை தூக்கியவர்கள் பாதிப்பேர்கூட இல்லை.

சென்ற மாதம் ஒரு முதியவர் பங்குமனைத் திண்ணையில் வந்து அமர்ந்தார். வெளியூரில் இரவுக் காவல் வேலை முறை முடிந்து கடைசிப் பேருந்தில் திரும்புகிறவர். “சாமி, பஸ்ஸுல அசந்து தூங்கினாலும் கோபுர வெளிச்சம் கண்ணுல பட்டதும் எந்திரிச்சிருவேன். இப்ப ரெண்டு தடவை ஊரைத் தாண்டிப் போயிட்டேன். நடந்து திரும்ப வேண்டியதாப் போச்சு.” நடத்துநரிடம் சொல்லி வைக்குமாறு கூறினேன். காரணத்தையும் விளக்கினேன், சிம்ம ராசி, மூன்று திரள்கள், வால் எல்லாவற்றையும். பொறுமையாகக் கேட்டார். “அவ்வளவு தூரத்துல இருக்கிறது நம்ம விளக்கால மறையுதா?” என்று ஒருமுறை கேட்டு, கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, வேறொன்றும் சொல்லாமல் எழுந்து போனார்.