பாலைவனத்து முதுசொம்

சகாராப் பாலைவனம் ஒரு காலத்தில் பசுமையாக இருந்தது. அன்று பெய்த மழைநீர் ஆழத்து மணற்கற்பாறைகளுள் இறங்கித் தங்கிவிட்டது. லிபியா, எகிப்து, சூடான், சாட் ஆகிய நான்கு நாடுகளின் அடியிலும் அது பரந்துள்ளது. அதிற் பெரும்பகுதி பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியது. மாரிமழைக்கு ஊறி நிரம்பும் கிணற்றுநீர் போன்றதன்று, அள்ளினால் அள்ளியதுதான்.

1950களில் லிபியாவில் எண்ணெய் தேடித் துளையிட்டவர்களுக்கு இந்நீர் அகப்பட்டது. 1991இல் பாரிய குழாய்கள் வழியே பெங்காசி நகரை அடைந்தது.

இது யாருடைய முதுசொம்? உறுதி எழுதி வைத்தவர் எவருமில்லை. வருஞ்சந்ததிக்கென்று பூட்டி வைத்துவிட்டு, இன்று தாகத்தோடு நிற்கும் பிள்ளையைத் திருப்பி அனுப்புவது தருமமாகாது. பிறவாத பிள்ளைக்கும் தாகம் உண்டு. கோட்டில் அதற்காகப் பேசத்தான் ஆளில்லை.

ஆயினும் குடிப்பது வேறு, விற்பது வேறு. சவூதி அரேபியா தன் நிலத்தடியிலிருந்த இத்தகைய பழைய நீரை இறைத்துக் கோதுமை விளைத்து, பிற நாடுகளுக்கு ஏற்றுமதியும் செய்தது. கோயில் ஆதனத்தின் வருமானத்தில் திருவிழாச் செய்யலாம். ஆதனத்தையே விற்று அன்னதானம் கொடுத்தால் புண்ணியம் யாருக்கு? இந்நீருக்கோ வருமானம் என்று ஒன்றில்லை, முதல் மட்டுமே. 2008இல் சவூதி அரசு அக்கோதுமைச் செய்கையைப் படிப்படியாகக் கைவிடத் தீர்மானித்தது.

சகாராவின் நான்கு நாடுகளும் 2013இல் வியன்னாவில் கூடி, தம் நீரைச் சேர்ந்து பராமரிக்கும் திட்டமொன்றில் கையொப்பமிட்டன.