அணியும் அறமும்

நேரே சென்று முடியாமல், ஏறியும் இறங்கியும் கூர்முனைகளாய் முறிந்து முறிந்து செல்லும் கோட்டினை முறிகோடு எனலாம். மனிதன் பயின்ற அணிகளுள் இதனினும் எளியது அரிது. பானையின் கழுத்திலும் பாயின் விளிம்பிலும், தேவாலயத் தூணிலும் போர்வீரன் கேடயத்திலும் அது இடம்பெறுகின்றது. உருவம் ஒன்றாயினும் அது ஆற்றும் பணி இடத்துக்கு இடம் வேறுபடுகின்றது. அவ்வேறுபாட்டை ஆராயுமிடத்து, அழகியல் வினாவாகத் தோன்றுவது அறவியல் வினாவாகிவிடுகின்றது. அணி செய்தல் எப்பொழுது நேர்மையுடையதாகின்றது, எப்பொழுது வெறும் ஆடம்பரமாகின்றது என்பதே அவ்வினா.

ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டளவில் குலமரபுச் சின்னங்கள் கேடயங்களில் நிலைபெற்றன. கவசத்துள் முகம் மறைந்த வீரனை அவன் ஏந்திய கேடயமே அறிவித்தது. மூத்த கிளையின் கேடயத்தில் நேராக இருந்த கோடு, இளைய கிளையின் கேடயத்தில் பல்வரிசை போல முறிந்து, இரண்டையும் வேறுபடுத்துவதும் உண்டு. ஆயின், அடையாளம் காலப்போக்கில் உடைமையாயிற்று. நீலத் தளத்திற் பொன்னிறச் சாய்பட்டை ஒன்றைத் தரிக்கும் உரிமை குறித்து, ஸ்குரோப், குரோவ்னர் என்னும் இரு குடும்பத்தார் இங்கிலாந்தில் 1385 முதல் வழக்காடினர். கவிஞர் சாசரும் அவ்வழக்கிற் சாட்சி கூறினார். வெறும் கோடு ஒன்று, பிறர் தீண்டலாகாத சொத்தாகிய வரலாறு இது.

1093இல் கட்டத் தொடங்கப்பெற்ற டர்ஹாம் பேராலயத்தின் பருத்த தூண்களிலும் முறிகோடுகள் செதுக்கப்பட்டுள்ளன. அவை எக்குடும்பத்தையும் சுட்டுவனவல்ல. பனை வளம் மிக்க மன்னார்த் தீவின் பன்னவேலையில் இத்தன்மை இன்னும் தெளிவாகின்றது. இரண்டு ஓலைக்கு மேலும் இரண்டு ஓலைக்குக் கீழுமாக, வரிசைக்கு வரிசை ஓர் ஓலை தள்ளி இழைத்தால் சாய்வரி தோன்றும். சாய்வின் திசையை இடையிடையே மாற்றினால் முறிகோடு பிறக்கும். இங்கே அணி பொருளின்மேற் பூசப்பட்டதன்று. பொருள் உருவாகும் முறையே அணியாகின்றது. கோட்டை நீக்கவேண்டின் பாயையே பிரிக்கவேண்டும்.

ஆனந்த குமாரசுவாமி இவ்வுண்மையைச் சொல்லின் வழியே விளக்கினார். அலங்காரம் என்னும் வடசொல்லின் முதற்பொருள் மிகையைச் சேர்ப்பதன்று, போதியதாக்குதல் என்பதே அவர் கருத்து. அவ்வாறாயின், ஒரு பொருளை அதன் பயனுக்கு நிறைவுடையதாக்கும் அணி நேர்மையானது. உடையவனின் பெருமையை மட்டும் உயர்த்தும் அணி மிகையானது.

எனினும், இம்முடிபோடு அமைதல் பொருந்துமா? ஜோன் ரஸ்கின் 1849இல் வெளியிட்ட நூலில், அணியைச் செதுக்கியவன் மகிழ்ச்சியோடு செதுக்கினானா என்பதே கேட்கத்தக்க வினா என்றார். அணியைக் குற்றத்தோடு இணைத்துப் பேசிய கட்டடக்கலைஞர் அடோல்வ் லூசின் சினமும் ஓரளவு கூலி பற்றியதே: அலங்கார வேலை செய்வோரின் உழைப்பு உரிய ஊதியமின்றி வீணாகின்றது என்றார். அவரே, தம் பாதணிகளில் அவற்றைச் செய்தவர் இடும் அலங்காரத்தை, அது அவரது மகிழ்ச்சி என்பதற்காகப் பொறுத்துக்கொண்டார். ஆகவே, அணியின் அறம் பொருளோடு முடிவதன்று. செய்தவரையும் அது தொடர்கின்றது. பாயில் இழைத்தவர் பெயர் இல்லை என்று வியந்து பாராட்டுவோர், அப்பெயரைக் கேட்க எவரும் முயலாமையே அதற்குக் காரணமாகலாம் என்பதை மறத்தலாகாது. விலையைக் குறைத்துப் பேசி வாங்கியபின் கலையின் தன்னலமின்மையைப் புகழ்தல் எளிது.

பெயரின்மை பற்றிய இவ்வினாவுக்குத் தோட்டவெளி தனிப்பொருள் தருகின்றது. புனித சவேரியார் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்றமைக்காக, யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் 1544இல் மன்னாரில் ஏறத்தாழ அறுநூறு பேர் கொல்லப்பட்டனர் என்பர். அவர்களை நினைவுகூரும் ஆலயம் இவ்வூரில் உள்ளது. மன்னனுக்கு நந்திச் சின்னம் இருந்தது. போர்த்துக்கேயருக்கு அரச கேடயம் இருந்தது. இறந்தோருக்கோ எச்சின்னமும் இல்லை. அவர்களுட் பெரும்பாலோரின் பெயரும் எஞ்சவில்லை. ஆயினும், பெயர் தெரியாமையால் அவர்கள் மதிப்பற்றவர் என அச்சமூகம் கருதவில்லை.

பெயரின்மை இருவகைப்படும். தன்னை முன்னிறுத்தாது கொடுத்தவனின் பெயரின்மை ஒன்று. பிறர் கேளாமையால் நேர்ந்த பெயரின்மை மற்றொன்று. முன்னையது கொடுத்தவனின் அறம். பின்னையது கேளாதவரின் குறை. இறந்தோர்க்கு நினைவால் அக்குறையை ஓரளவு தீர்க்கலாம். பாய் இழைக்கும் கைகளோ இன்றும் உள்ளன. அவற்றுக்குரிய கடனைத் தீர்க்க நினைவுச்சின்னம் எழும்வரை காத்திருத்தல் வேண்டுவதில்லை. உரிய விலையும், இழைத்தவர் யார் என்னும் ஒரு கேள்வியும் போதும். அவை இன்றேல், எவ்வளவு நேர்மையான அணியும் அதனை வாங்கியவன் வீட்டில் ஆடம்பரமாகவே எஞ்சும்.