பதினோரு மாத ஹால்

பெங்களூரை ஒட்டிய சந்தாபுராவில் வாடகைக்கு இருப்பவர்களில் அநேகம் பேர் பதினோரு மாதக்காரர்கள். ஒரு வருடத்துக்கு மேல் குத்தகை எழுதினால் 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி அதைப் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவும் அலைச்சலும் எதற்கென்று வீட்டுக்காரரும் குடிவருபவரும் பதினோரு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். அது முடிந்தால் வாடகையைக் கொஞ்சம் கூட்டி இன்னொரு பதினொன்று. இப்படியே பத்துப் பன்னிரண்டு வருடம் ஓட்டிவிட்டவர்களை எனக்குத் தெரியும். எல்.கே.ஜி. சேர்ந்த பிள்ளை அதே வீட்டிலிருந்து பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகிறது. ஹாலைப் பார்த்தால் மட்டும் நேற்றுத்தான் லாரியிலிருந்து சாமான் இறக்கியதுபோல இருக்கும்.

அந்த ஹாலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளை டைல்ஸ் தரை. ஒரு சுவரில் டிவி, எதிர்ச் சுவரோடு ஒட்டிய சோபா. மூலையில் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்பு குடியிருந்தவர் அடித்துவிட்டுப் போன ஆணியில் நகைக்கடைக் காலண்டர். அழுக்கில்லை, தட்டுமுட்டு இறைந்து கிடக்கவில்லை. ஆனாலும் உள்ளே வருகிறவருக்கு உட்காரத் தோன்றாது. வாசலிலேயே நின்று பேசிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். "நம்ம வீடா இது? சொந்தமா வாங்குனப்புறம் பாத்துக்கலாம்." வெள்ளிக்கிழமை சாயங்காலம் சந்தாபுரா ஜங்ஷனில் பையோடு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் இந்தப் பதிலின் நியாயம் புரியும். கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என்று பஸ் வர வர ஓடிப்போய் ஏறுகிறார்கள். ஓசூர் கூப்பிடு தூரம். ஊரில் ஒரு வீடு இருக்கிறது, அல்லது கட்டப்போகிற வீட்டின் வரைபடம் இருக்கிறது. ரசனையெல்லாம் அங்கே செலவாகிறது. இங்கே இருப்பது வேலைக்குப் போய்வர ஒரு கூரை. அட்வான்ஸ் வாங்கும்போதே வீட்டுக்காரர் சொல்லிவிடுகிறார்: "மத்தபடி உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க சார். ஆணி மட்டும் அடிக்காதீங்க." காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வதும் பெங்களூரின் வழக்கம். எப்படியும் பெயின்ட் அடிக்கத்தான் பணம் பிடிக்கிறார்கள் என்றால் ஆணி அடித்தால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டேன். அது வேறு, இது வேறு என்றார்.

ஆனால் மனிதன் ஊர் வீட்டில் வாழ்வது வருடத்தில் சில வாரம். மிச்சம் முழுக்க இந்த ஹாலில்தான். வாழ்க்கை நடக்கிற இடம் தற்காலிகம், நடக்காத இடம் நிரந்தரம் என்ற இந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. அதனால்தான் எங்கள் ஹாலைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தேன். ஆணி அடிக்காமல், பெரிதாகச் செலவழிக்காமல்.

முதலில் விளக்கு. எலக்ட்ரிகல் கடையில் வார்ம் ஒயிட் பல்பு கேட்டபோது கடைக்காரர், "ஃபங்க்ஷனா சார்?" என்றார். மஞ்சள் வெளிச்சம் நம்மவர்களுக்குக் கல்யாணத்துக்கும் ஓட்டலுக்கும்தான். வீட்டுக்கென்றால் வெள்ளை. எல்.இ.டி. வெள்ளை என்பது உண்மையில் நீல ஒளி. நீலம் உமிழும் சில்லின்மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சைப் பூசி இரண்டும் கலந்து வெள்ளையாக்குகிறார்கள். அந்த நீலத்தைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அடுத்த ஜனவரியிலேயே இந்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கி, இதுவரை 36 கோடிக்கு மேல் பல்புகளை மலிவு விலையில் கொடுத்திருக்கிறது. மின்சாரம் மிச்சமானது நல்லதுதான். கூடவே நாட்டின் ராத்திரிகள் வெளுத்துவிட்டன. எண்ணெய் விளக்கின் நிறவெப்பநிலை ஏறத்தாழ 2000 கெல்வின், பழைய குண்டு பல்பு 2700. நாம் ஹாலில் மாட்டுகிற கூல் டேலைட் 6500. மேகமூட்டமான நடுப்பகலின் நிறம் அது. ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த நிறத்தில் உட்கார்ந்திருந்தால் ஆபீஸ் முடிந்ததாகவே தோன்றாது.

இதில் அழகியல் போதனை செய்வது சுலபம். ஆனால் வெள்ளை வெளிச்சத்தின்மேல் நம் பெற்றோருக்கு இருந்த ஆசைக்கு ஒரு சரித்திரம் உண்டு. லோ வோல்டேஜில் சிவப்பு நூலாக மினுங்கும் நாற்பது வாட் பல்பின் கீழ் படித்தவர்கள் அவர்கள். முதல் டியூப்லைட் எரிந்த அன்று வீடு பணக்கார வீடானது. "ஏன்டா இருட்டா வெச்சிருக்கே, கரண்ட் பில் கட்டலையா?" என்று என் அம்மா கேட்டது வெறும் கேலி அல்ல. எனவே டியூப்லைட்டைக் கழற்றவில்லை. பாடம் எழுதவும் கொசு அடிக்கவும் அது வேண்டும். அதோடு, உட்கார்ந்தால் தோள் உயரத்துக்கு வருகிற மாதிரி இரண்டு மேசை விளக்குகளில் 2700 கெல்வின் பல்பு. உயரம்தான் இங்கே விஷயம். மேலேயிருந்து விழும் ஒரே வெளிச்சம் அறை முழுவதையும் சமமாகக் கழுவிவிடுகிறது. கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து எல்லார் முகமும் களைத்துப்போனதாகத் தெரிகிறது. வெளிச்சம் பக்கத்திலிருந்து வந்தால் முகம் மலர்ந்து தெரியும், அறைக்கு மூலைகள் கிடைக்கும்.

அடுத்தது தரை. தமிழ்நாட்டுச் சமவெளியில் தரை குளிர்ச்சியாக இருப்பது வரம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் 15 டிகிரி அளவுக்கு இறங்கும். திருநெல்வேலிக்கு ஏற்ற தரையைச் சந்தாபுராவில் போட்டுவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறோம். இதற்குக் கார்ப்பெட் வேண்டியதில்லை. பவானி ஜமக்காளம் போதும். தடித்த பருத்தி நூல், பட்டை பட்டையாகச் சிவப்பும் பச்சையும் நீலமும், புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. கல்யாண மண்டபங்களில் மிதிபட்டதாலேயே அதன் அழகு நம் கண்ணில் படாமல் போய்விட்டது. வெள்ளை டைல்ஸின் மேல் விரித்துப் பாருங்கள், அறையின் முகமே வேறு.

செடி, திரைச்சீலை, குஷன் பற்றியெல்லாம் எல்லாரும் சொல்லியாயிற்று. நான் சொல்ல வந்தது சோபாவைப் பற்றி.

1950-களின் பிற்பகுதியில் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஒரு மனநல மருத்துவமனை. முதிய பெண்களுக்கான வார்டைச் செலவு செய்து பொலிவாக்கியிருந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அங்கிருந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசவே இல்லை. மருத்துவமனைத் தலைவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட், ராபர்ட் சோமர் என்ற இளம் உளவியலாளரிடம் காரணம் கண்டுபிடிக்கச் சொன்னார். சோமர் பார்த்தது நாற்காலிகளை. எல்லாம் சுவரோரமாக வரிசையாக இருந்தன. பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் கழுத்தைத் திருப்ப வேண்டும், எதிரே இருப்பவரிடம் பேசக் கத்த வேண்டும். சின்ன மேசைகளைப் போட்டு, சுற்றி நாற்காலிகளை வைத்தார்கள். சில வாரங்களில் பேச்சு ஏறக்குறைய இரு மடங்கானது. இதில் எனக்குப் பிடித்த பகுதி, தொடக்கத்தில் நாற்காலிகள் மறுபடி மறுபடி சுவரோரம் போய்ச் சேர்ந்ததுதான். பேச்சே இல்லாத ஒழுங்கு பழகிப்போயிருந்தது. 'பர்சனல் ஸ்பேஸ்' என்ற தன் 1969-ஆம் வருடப் புத்தகத்தில் சோமர் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். எதிரெதிரே அமர்ந்து சௌகரியமாகப் பேச, இருவருக்கும் நடுவே ஐந்தரை அடிதான் எல்லை என்றும் கண்டார்.

நம் ஹாலில் சோபா சுவரோடு ஒட்டியிருப்பதற்குக் காரணம் டிவி. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் வந்தபோது டிவி இருந்த வீட்டுக்குத் தெருவே வந்து தரையில் உட்கார்ந்தது. 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கிய பிறகு அடுத்த வீட்டுக்குப் போகவேண்டிய தேவை தீர்ந்தது. அதன்பின் கூட்டம் போய் இருக்கைகள் மட்டும் டிவியைப் பார்த்தபடி நின்றுவிட்டன. மூன்று தலைமுறை ஒரே சோபாவில் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. இன்று அவரவர் கையில் போன். டிவியை அணைத்தே வைத்திருக்கும் வீடுகளிலும் சோபா திரும்பவில்லை.

எங்கள் ஹால் பத்தடி அகலம். சோபாவைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுத்து, மரநாற்காலி இரண்டை அதற்குச் சாய்வாக எதிரில் போட்டேன். நடுவில் டீ கிளாஸ் வைக்க ஒரு முக்காலி. செலவு ஒன்றுமில்லை. ஆனால் வருகிற உறவினர்களுக்கு இது தாங்கவில்லை. தர்மபுரியிலிருந்து வந்த பெரியப்பா, "வீடு கூட்டிட்டு இருந்தீங்களா? நான் வந்து தடையாயிட்டேனா?" என்று கேட்டபடி சோபாவைச் சுவரை நோக்கித் தள்ளத் தொடங்கிவிட்டார். சோமரின் வார்டு ஞாபகம் வந்தது.

வருகிறவர்கள் என்றேன். யார் வருகிறார்கள்? "சந்தாபுராவா? அது தமிழ்நாடாச்சே" என்று மல்லேஸ்வரத்து நண்பர்கள் இத்தனை நாள் தப்பித்துக்கொண்டிருந்தார்கள். 2025 ஆகஸ்டில் மஞ்சள் மெட்ரோ ஆர்.வி. ரோட்டிலிருந்து பக்கத்துப் பொம்மசந்திரா வரைக்கும் ஓடத் தொடங்கியதும் அந்தச் சாக்கு போய்விட்டது. இருந்தும் நம்மில் பலருடைய ஹாலுக்கு அதிகம் வருகிறவர் கூரியர்க்காரர்தான். அவரும் வாசலோடு சரி.

இந்த இடத்தில் திண்ணையைப் பற்றிப் பெருமூச்சு விடுவது தமிழில் கட்டுரை எழுதுகிறவர்களின் வழக்கம். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. திண்ணை வரவேற்றது உண்மை. யாரை எதுவரை என்று அளந்து வரவேற்றது. தெருவோடு நிற்க வேண்டியவர், திண்ணையில் உட்காரலாம் என்பவர், கூடம்வரை வரலாம் என்பவர் என்று சாதி வாரியாகப் படிகள் இருந்தன. சந்தாபுராவின் அழுதுவடிகிற ஹாலில் அந்தப் படிகள் இல்லை. கதவைத் திறந்தால் நேரே சோபா. பிளம்பர், எல்.ஐ.சி. ஏஜென்ட், மேல்வீட்டு ஒடியா பையன், எல்லாருக்கும் அதே சோபா. கட்டடம் தந்திருக்கும் இந்தச் சமத்துவத்தை நாம் பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான்.

ஒன்பது நாள் மட்டும் பயன்படுத்துகிறோம். நவராத்திரியில் தமிழர் வீட்டில் கொலு, கன்னடர் வீட்டில் தசரா பொம்மை. அவர்கள் வைக்கிற ராஜா ராணியும் நம் மரப்பாச்சியும் ஒரே குடும்பம். படி கட்ட இடம் வேண்டுமென்று சோபா படுக்கையறைக்குப் போகும். டிவிக்கு முன்னால் படிகள் எழும்பி அதை மறைத்துவிடும். ஜமக்காளம் விரிப்பார்கள். அகல் விளக்கின் 2000 கெல்வின் வெளிச்சம். முன்பின் தெரியாத பெண்கள் சுண்டலுக்காக வந்து வட்டமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். விளக்கு, தரை, இருக்கை என்று நான் தடவித் தடவிக் கண்டது எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. விஜயதசமி முடிந்ததும் சோபா பழைய இடத்துக்கு வந்துவிடும்.

ஜன்னல் மட்டும் எனக்குத் தீராத பிரச்சினை. காற்று வராத அறை எவ்வளவு ஜோடித்தாலும் மூச்சுமுட்டும். ஆனால் காற்று திசை மாறினால் சந்தாபுரா ஏரியின் வாடை வருகிறது. இந்த ஏரியைக் காக்கத் தவறியதற்காக 2022 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. ஊதுவத்தி கொளுத்தித் தீர்கிற விஷயமல்ல இது. சாயங்காலம் ஜன்னலை மூடிவிடுகிறோம்.

மறுபடி இருக்கைக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா டீயைச் சமையலறை வாசலில் நின்றே குடிப்பார். "உக்காருங்கக்கா" என்றால், "பரவால்லண்ணா, அடுத்த வீட்டுக்கு லேட்டாயிடும்" என்பார். சோபாவை முன்னே இழுத்த பிறகும் உட்காரவில்லை. ஓரமாக ஒரு பிரம்பு முக்காலி போட்டோம். அதில் உட்கார்ந்தார். சந்தோஷப்படலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அது சோபாவைவிட ஓரடி தாழ்வு. தனக்கானது எது என்று அவர் கணக்குப் போட்டுத்தான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். கொலுவுக்குத் தன் மகளோடு வந்தபோதோ ஜமக்காளத்தில் நடுவில் உட்கார்ந்து, எதிர்வீட்டு அம்மாவோடு ரேஷன் கார்டு பற்றி விலாவாரியாகப் பேசினார். அங்கே எல்லாருமே தரையில் இருந்தார்கள். சோபா திரும்பி வந்த மறுநாள், மறுபடி முக்காலி.

சோபாவை விற்றுவிடலாமா என்று இப்போது வீட்டில் பேச்சு. மனைவிக்குச் சம்மதம்தான், முட்டிவலிக்காரர்களுக்கு இரண்டு நாற்காலி இருந்தால் போதும் என்கிறாள். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. சாய்ந்துகொண்டு போன் பார்க்க வேறு இடம் ஏது என்று கேட்கிறாள். பெரியப்பா போனிலேயே முடிவு சொல்லிவிட்டார்: "சோபா இல்லாத வீட்டுக்குச் சம்பந்தம் பேச யாருடா வருவா?"